டிம் போட்டவரும் கண் கூசியவரும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தாளை எடுத்து, மேலே 'முருகா' என்று எழுதியதோடு மடித்து வைத்துவிட்டேன். இன்னொரு முறை பாதி எழுதிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மறுநாள் காலையில் படித்துப் பார்த்தால் எனக்கே ஒப்பவில்லை, கிழித்துவிட்டேன். காரணம், இதில் ஒரு சாமி வருகிறார். சாமி காரியத்தை அரைகுறையாகத் தெரிந்தவன் எழுதினால் குற்றமாகிவிடுமோ என்ற பயம். அதோடு, நடந்ததில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காத ஒன்றை எப்படி எழுதுவது?

போன மாதம் பழைய பஸ் தொழிலாளர்களும் இப்போது வேலையில் இருப்பவர்களும் கூடிய ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். எதிரே வரும் வண்டிகளின் வெள்ளை லைட்டைப் பற்றி இளம் டிரைவர்கள் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒங்க காலத்துல இந்தக் கண் கூச்சமெல்லாம் இருந்திருக்காதுல்ல பெரியப்பா?" என்று ஒருவர் கேட்டார். இருந்தது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொருவர், "அந்தக் காலத்துல ஒரு டிரைவர் டிம் போடாம மாட்டுவண்டிக்காரரைக் கவுத்துட்டு, கருப்பர் கோயில்ல பொய்ச் சத்தியம் பண்ணினாராம்ல" என்றார். அந்த டிரைவரை எனக்குத் தெரியும். அவர் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அதனால்தான் விளங்கியது, விளங்காதது இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. பொன்னமராவதிக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாவது வரை படிப்பு. முதலில் வண்டி கழுவினேன். பிறகு பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு ஒயர் வேலை. கொஞ்ச காலத்தில் சுப்பையா என்ற என் பெயர் போய் 'லைட்டு' என்று ஆகிவிட்டது. "லைட்டைக் கூப்பிடு" என்றால் நான் போய் நிற்பேன்.

ஷெட்டுக்குத் தலைவர் சவரிமுத்து மேஸ்திரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் 'டேய்' என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "என்னங்க சுப்பையா, வேலை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டால் ஷெட்டே அவரவர் வேலைக்குள் தலையை விட்டுக்கொள்ளும். அவர் வேதக்காரர். என்ஜினைக் கிளப்புமுன் சிலுவை போட்டுக்கொள்வார். நான் கண்ணாடிக்குக் கீழே விபூதி வைப்பேன். "நீ ஒஞ் சாமியக் கும்பிடு, நான் எஞ் சாமியக் கும்பிடுறேன், வண்டி ரெண்டு பேருக்கும் பொதுவா ஓடட்டும்" என்பார்.

ஹெட்லைட் சரி பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஷெட்டின் பின்சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தோம். தரையில் ஒரு கோடு. முன்சக்கரம் அந்தக் கோட்டில் வந்து நிற்கவேண்டும். முதலில் டயரில் காற்றுப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் காற்று இறங்கியிருந்தால் வெளிச்சமும் சாய்ந்துவிடும் அல்லவா. பிறகு தரையிலிருந்து லைட்டின் நடுப்பகுதி வரை ஒரு நூலால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்கட்டியால் கோடு போடவேண்டும். ஒரு லைட்டைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதை எரியவிடவேண்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் கோட்டின் மேல் உட்காரவேண்டும். காலால் சுவிட்சை அமுக்கி டிம் போட்டால் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் லைட்டின் மேலே இருக்கும் திருகைத் திருப்பவேண்டும். பக்கவாட்டில் இன்னொரு திருகு உண்டு. அதை யாரும் தொட்டதில்லை, துருவேறிக் கிடக்கும். "டிம்முங்கிறது தலை குனிஞ்சு நிக்கணும்டா, பெரியவங்களுக்கு முன்னாடி நிக்கிற மாதிரி" என்பார் மேஸ்திரி. கடைசியாகக் கண்ணாடியின் மேல் பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடிப்போம். அந்தக் காலத்தில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான். மேல் பாதியை அடைத்தால் கண் கூசாது என்று நம்பிக்கை.

ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பின்சுவர் ஒரு பஸ்ஸின் அகலம்தான் இருக்கும். அதற்கு வலது பக்கம் சுவர் கிடையாது. வண்டி கழுவும் இடத்துக்குப் போகும் வழி திறந்து கிடக்கும். அது ஒரு பொருட்டாக எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

யுத்தம் முடிந்து அமெரிக்காக்காரன் விட்டுப்போன ராணுவ லாரிகள் ஏலத்துக்கு வந்தன அல்லவா, அதில் ஒன்றை எங்கள் முதலாளி எடுத்து, மேலே பஸ் பாடி கட்டி ஓடவிட்டிருந்தார். நான் சேருவதற்கு முன்பே அது ரோட்டுக்கு வந்துவிட்டது. அந்த வண்டிக்கு முதலில் ஸ்டீரிங் இடது பக்கம் இருந்ததாம். அதை வலது பக்கம் மாற்றியிருந்தார்கள். ஹெட்லைட் மட்டும் அதனுடையதே. மற்ற வண்டிகளில் கண்ணாடியைக் கழற்றி பல்பை மாற்றலாம். இதில் கண்ணாடி, உள்தகடு, பல்பு எல்லாம் சேர்த்து ஒரே உருண்டையாக மூடி ஒட்டியிருந்தான். கண்ணாடியில் வரி வரியாக ஏதோ மேடு பள்ளம். அது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் பகல் மாதிரி அடிக்கும். நன்றாக எரிகிற ஒன்றை யார் போய்த் தொடுவார்கள்?

அந்த வண்டிக்கு டிரைவர் வெள்ளைச்சாமி அண்ணன். என்னைவிட மூத்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஸ்டீரிங்கைத் தொடமாட்டார். எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும், ஓர் ஆள் லாந்தரோடு நடந்து வந்தாலும், கால் தானாகப் போய் டிம் போட்டுவிடும். "அண்ணன் மின்மினிப் பூச்சி வந்தாலும் டிம் போடுவாரு" என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். "பூச்சிக்கும் கண்ணு இருக்குல்லடா" என்பார் அவர்.

அப்படிப்பட்டவர் மேல்தான் புகார் வந்துகொண்டிருந்தது. அவர் டிம் போடுவதில்லை, கண்ணைப் பறிக்கிறது என்று. அதே வண்டியை மாற்றுக்கு ஓட்டியவர்களில் இரண்டு பேர் டிம் என்ற ஒன்று இருப்பதையே மறந்தவர்கள். அவர்கள் மேல் அவ்வளவு புகார் இல்லை. இது எனக்கு அப்போதே ஆச்சரியமாகத்தான் இருந்தது. புகார் வரும்போதெல்லாம் வண்டியைச் சுவருக்கு முன்னால் நிறுத்துவோம். டிம் ஒழுங்காகக் கோட்டுக்குக் கீழே இறங்கும். கறுப்புப் பெயிண்டை இன்னும் ஒரு விரல் கீழே இறக்கி அடித்து அனுப்பிவிடுவோம்.

ஒரு சந்தை நாள். சாயங்காலம் பொன்னமராவதி போகும் வண்டி, மேலேயும் பின்னாலேயும் மூட்டை. பொழுது இறங்கி லைட் போட்ட நேரம். எதிரே கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. ஓட்டிவந்தவர் அடைக்கலம் என்ற சம்சாரி, விவசாயம் பார்ப்பவர். பஸ் கிட்டே வரவும் மாடுகள் மிரண்டு ரோட்டை விட்டு இறங்கின. வண்டி பள்ளத்தில் குடை சாய்ந்தது. ஒரு காளைக்குக் காலில் அடி. அவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. பஸ் அவர்கள் மேல் படவில்லை. வெள்ளைச்சாமி அண்ணன் வண்டியை நிறுத்தி, தன் துண்டாலேயே அவர் கையைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் இருவருக்கும் நடந்த பேச்சைக் கண்டக்டர் பின்னால் சொன்னார்.

"ஏன் அப்பு, ஒரு டிம்மு போட்டா ஒனக்கு என்ன கொறைஞ்சு போகும்?"

"போட்டேன்யா."

"போடலையே!"

"சத்தியமாப் போட்டேன். எங் காலு சுவிச்சு மேலதான் இருந்துச்சு."

"ஒங் காலு எங்க இருந்துச்சோ. என் கண்ணு அவிஞ்சு போச்சே!"

பொன்னமராவதி போய்ச் சேருவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதாம்.

மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். டிரைவர் டிம் போடவில்லை என்றால் அவர் இந்த ரோட்டில் வரக்கூடாது. போட்டிருந்தால் அடைக்கலம் பொய் சொல்லிக் கம்பெனி மேல் பழி போட்டிருக்கிறார், ஊர் அவரைக் கேட்கும் என்றார்கள். முதலாளி மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தினார். எல்லாம் சரியாக இருந்தது. "லைட்டுல கொறை இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினார். பிறகு என்ன, கருப்பர் முன்னால் சொல்லட்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். சாட்சியில்லாத வழக்கில் ஒருவர் கோயிலில் சூடம் ஏற்றி, உள்ளதைச் சொல்லி, கையால் அதை அணைப்பார். அவர் அணைத்துவிட்டால் எதிராளி விட்டுக்கொடுத்துவிடவேண்டும். மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளும். பொய் சொன்ன வீட்டில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. நானும் நம்புகிறவன்தான். அதனால்தான் இத்தனை குழப்பம்.

கம்பெனி சார்பில் மேஸ்திரியும் நானும் போயிருந்தோம். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றார். வெள்ளைச்சாமி அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். "அந்த எடத்துல நான் டிம் போட்டேன். போடலேன்னா கருப்பரு என்னையக் கேக்கட்டும்" என்று சொல்லி, எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். கூட்டம் மூச்சு விட்டது. முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அடைக்கலம் முன்னால் வந்தார். ஒரு கை தூளியில் தொங்குகிறது. "எனக்கும் ஒரு கட்டி வைங்க" என்றார்.

பூசாரி திகைத்துப் போனார். "அவரு அணைச்சுட்டாருல்லப்பா. ரெண்டு பேரும் அணைக்கிற வழக்கமில்லையே."

"அவரு அவரோடதச் சொன்னாரு. நான் என்னோடதச் சொல்ல வேணாமா? வைங்கிறேன்."

வைத்தார்கள். "வெளிச்சம் என் கண்ணுக்கு நேரா அடிச்சுச்சு. கிட்ட வரக் கொறையலை. கூடத்தான் செஞ்சுச்சு. இது பொய்யின்னா கருப்பரு என்னையக் கேக்கட்டும்." நல்லாயிருந்த கையால் அணைத்தார்.

'கூடத்தான் செஞ்சுச்சு' என்றாரே, அந்த வார்த்தையை அங்கே ஒருவரும் பிடிக்கவில்லை. நானும்தான். வீட்டுக்குப் போனதும், "யாரு பொய் சொன்னா?" என்று என் சம்சாரம் கேட்டாள். "ரெண்டு பேரு முகத்தையும் பார்த்தேன். ரெண்டு முகத்துலயும் பொய் இல்லை" என்றேன். "அது எப்பிடி? ஒண்ணு இருக்கணுமில்ல?" என்றாள். ஊரும் அதைத்தான் கேட்டது.

அந்த ஆடி முடிவதற்குள் அடைக்கலத்தின் காளை ஒன்று செத்துப்போனது. காலில் அடிபட்ட காளை தேறிவிட்டது. கீறல்கூட விழாமல் எழுந்த காளைதான் செத்தது. தீனி எடுக்காமல் படுத்தது, எழுந்திருக்கவில்லை. ஊருக்கு அது போதும். கருப்பர் கேட்டுவிட்டார். அடைக்கலத்தின் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. பொய்ச் சத்தியம் பண்ணின வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று மாப்பிள்ளையின் அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தச் சேதி ஷெட்டுக்கு வந்தபோது, 'அண்ணன் ஜெயிச்சுட்டாரு' என்று சிலர் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் வெள்ளைச்சாமி அண்ணன் என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பி, அந்த மனுசன் பொய் சொல்லலை."

"அப்ப நீங்க?"

"நானும் சொல்லலை."

"என்னண்ணே இப்பிடிச் சொன்னா எப்பிடி?"

"எனக்குத் தெரியலைப்பா. நான் அவரைத் தூக்கி வண்டியில ஏத்தினப்ப, கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்துச்சு. வலியில வந்த தண்ணி இல்லை. கண்ணைத் தொறக்க முடியலை அவருக்கு. ஒரு பொம்பளைப் புள்ள கல்யாணம் நின்னுபோச்சு. நீ லைட்டுக்காரன். நீ பாத்துச் சொல்லு. எம் மேல தப்புன்னாலும் சொல்லிப்புடு."

ஜெயித்தவர் வந்து இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடைக்கலத்தின் வீட்டுக்குப் போனேன். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கம்பெனி ஆளா? இன்னும் ஒரு காளை இருக்கு. அதையும் ஓட்டிக்கிட்டுப் போறீகளா?"

"நான் லைட்டு பாக்கிறவன்யா. அன்னைக்கு ஒங்க கண்ணு இருந்த எடத்துல என் கண்ணை வச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வச்சுப் பாத்து, பிறகு கண்ணு போச்சுன்னு எம் மேல சொல்லிறாத" என்றார். ஆனால் வந்தார். ஒரு வண்டியை இரவல் வாங்கி, மாட்டை அவிழ்த்துவிட்டு, அதே இடத்தில் ரோட்டோரமாக நிறுத்தினோம். இருவரும் முன்னால் ஏறி உட்கார்ந்தோம். இருட்டத் தொடங்கியது. நான் மனசுக்குள் கந்தர் சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் பஸ் தெரிந்தது. பிரைட் வெளிச்சம். கண் கூசியது, ஆனால் தாங்க முடிந்தது. கிட்டே வந்ததும் வெள்ளைச்சாமி அண்ணன் டிம் போட்டார். அவர் போட்டதை நான் பார்த்தேன். இதைத் திரும்பவும் சொல்கிறேன், அவர் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அவர் பக்கத்துப் புளியமரங்கள் மேல் இருந்த வெளிச்சம் சட்டென்று அணைந்தது. அணைந்த அதே நொடியில் அது எங்கள் மேல் வந்து விழுந்தது. முகத்தில் உப்புத் தண்ணீரை வீசி அடித்த மாதிரி. ரோடு இல்லை, பஸ் இல்லை, என் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"டிம் போட்டுட்டாரு!" என்று கத்தினேன்.

"இதுக்குப் பேருதான் டிம்மா?" என்று அடைக்கலம் என் காதருகே கத்தினார். "அந்தப் பிரைட்டே தேவலையேப்பா!"

பஸ் கடந்து போனது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "பாத்தியா? பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எதற்கோ சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேஸ்திரியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பிடிங்களா சுப்பையா? நம்ம செவுத்துல சரியாத்தானே இருந்துச்சுங்க?" என்றார். மரியாதை கூடிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் அன்று பொழுது சாயும் நேரத்தில் அவரே அந்த வண்டியை எடுத்து, பின்பக்கம் மூட்டை ஏற்றச் சொல்லி, ஊருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையின் நீண்ட மதிலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். மதிலில் சாக்கட்டிக் கோடு போட்டார். பிரைட் போடச் சொன்னார். வெளிச்சம் நேரே நின்றது. டிம் போடச் சொன்னார்.

வெளிச்சம் குனிந்தது. குனிந்துகொண்டே வலது பக்கம் நகர்ந்தது. மேஸ்திரி மதிலைக் கையால் தடவிக்கொண்டே வெளிச்சத்தின் பின்னால் நடந்தார். பஸ்ஸின் அகலத்தைத் தாண்டினார். இன்னும் நடந்தார். வெளிச்சம் எங்கே பலமாக இருந்ததோ அங்கே போய் நின்றார். அந்த இடம் எங்கள் ஷெட்டில் சுவர் இல்லாத இடம். இத்தனை வருஷமும் டிம்மின் பலமான பாதி கழுவுகிற இடத்துப் பக்கம் போய் விழுந்துகொண்டிருக்க, நாங்கள் மிச்சப் பாதியைச் சுவரில் பார்த்து, சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அங்கிருந்தே திரும்பி வண்டியைப் பார்த்தார். அப்புறம், "டேய்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"இந்த வண்டி பொறந்த ஊர்ல ரோட்டுக்கு எந்தப் பக்கமா ஓட்டுவான்?"

"வலது பக்கமான்னு கேள்விங்க."

"எதிராளி?"

"இடது பக்கமா வருவான்."

"அதான்டா. அவன் ஊர்ல டிம்மு எதிராளிக்கு மரியாதை பண்ணிக் குனிஞ்சு, வலது ஓரமா ஒதுங்கி நிக்குது. நம்ம ஊர்ல அந்த ஓரத்துலதான்டா ஆளு வாரான்." பிறகு, "ஸ்டீரிங்க மாத்தினோம். வெளிச்சத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும்னு எவனுக்கும் தோணலையேடா" என்றார்.

அந்தக் கண்ணாடியின் வரிகள் எதற்கென்று அன்றுதான் ஒருவாறு தெரிந்தது. முழுதும் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். பின்னால் மூட்டை ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், வெளிச்சமும் மேலேறும், அதுவும் சேர்ந்திருக்கலாம். டிம் போடாத டிரைவர்களுக்குப் புகார் குறைவாக வந்ததும், வெள்ளைச்சாமி அண்ணனுக்கு அதிகம் வந்ததும் இதனால்தான். அவர் ஒவ்வொரு தடவை மரியாதை காட்டியதும் எதிரே வந்தவர் கண்ணில் அடித்திருக்கிறது. இதை அவரிடமும் சொன்னேன்.

பக்கத்துத் திருகை உடனே திருப்பிவிடலாம் என்று நான் மண்ணெண்ணெயும் ஸ்பானரும் எடுத்தேன். மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத் திருப்பாத. மொதல்ல அந்த ஊர்ல காட்டணும். சரி பண்ணிட்டுப் போனா எவன் நம்புவான்?"

அப்படியே அந்த ஊர்க் கோயிலுக்கு எதிரே இருந்த பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். சம்பந்தத்தை நிறுத்திய மாப்பிள்ளையின் அப்பாவையும் வெள்ளைச்சாமி அண்ணனே போய்க் கையோடு அழைத்து வந்திருந்தார். ஒவ்வொருவரையும் மாட்டு வண்டி வருகிற பக்கத்தில் நிறுத்தினோம். அண்ணன் டிம் போட்டார். "ஏயப்பா!" என்று ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "இங்கிட்டு நின்னாத் தெரியலை, அங்கிட்டுப் போனாப் பிடுங்குதே!" என்று ஆட்கள் விளையாட்டுப் போல அங்கும் இங்கும் போய்ப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தவரை விளக்கிச் சொன்னேன்.

பூசாரி கேட்டார்: "அப்ப ரெண்டு பேரு சொன்னதும் நெசமா?"

"ரெண்டும் நெசம்ங்க."

ஒரு பெரியவர் விடவில்லை. "ரெண்டும் நெசம்னா காளை ஏன் செத்துச்சு?"

இது உன் இலாகா என்பது போல மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கோயில் பக்கம் பார்த்தேன். "தெரியலைங்க" என்றேன். வேறென்ன சொல்வேன்?

மாப்பிள்ளையின் அப்பாதான் பேசினார். "எங்க மாட்டுக் கொட்டத்துலயும் போன வருசம் ஒண்ணு செத்துச்சு. நாங்க யாரும் சூடம் அணைக்கலையே. நோவு வந்தாச் சாகும்." பிறகு அடைக்கலத்தைப் பார்த்து, "சம்பந்தி, வாங்க, வீட்டுக்குப் போயிப் பேசுவோம்" என்றார். அடைக்கலம் நல்லாயிருந்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அது வெளிச்சத்துக்காக இல்லை.

மறுநாள் பக்கத்துத் திருகைத் திருப்பினோம். டிம் சரியானது, ஆனால் பிரைட் போட்டால் வெளிச்சம் இடது ஓரப் புளியமரத்தைப் பார்த்தது. பிறகு மேஸ்திரி அலைந்து நம் ரோட்டுக்கு ஏற்ற வேறு லைட் வாங்கி வந்து பொருத்தினார். ஷெட்டில் வலது பக்கம் திறந்து கிடந்த இடத்தில் சுவரை நீட்டிக் கட்டச் சொன்னார். வண்டியை அப்புறம் சுற்றுவழியில் கழுவக் கொண்டுபோனோம்.

தை மாதம் கல்யாணம். இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவேண்டிய அவசியமே இல்லை. பந்தியில் நானும் வெள்ளைச்சாமி அண்ணனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "பொண்ணோட அப்பா சொன்னதுதான் சரியாப் போச்சாம்ல. அப்ப அந்த டிரைவருதான் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கான்." எழுந்து சொல்லப்போனேன். அண்ணன் என் முழங்காலை அமுக்கினார்.

"சாப்புடு தம்பி. அவரு பேரு நல்லாயிருச்சுல்ல."

"ஒங்க பேரு?"

"நான் டிம் போட்டது எங் காலுக்குத் தெரியும்."

அந்த வருஷமே அண்ணன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மீமிசல் வழிக்குப் போய்விட்டார். ஓய்வு பெறும் வரைக்கும் மீன் கூடைகளோடு அந்த ரோட்டில்தான் ஓட்டினார். அடைக்கலம் இருந்தவரைக்கும், யாராவது மாற்றிச் சொன்னால் தெருவில் நிறுத்திச் சண்டை போடுவாராம். "எனக்காக வாதாட வந்தவன் அவன்தான்டா" என்பாராம். இப்போது இரண்டு பேரும் இல்லை. மேஸ்திரியும் இல்லை.

எனக்குப் பிடிபடாதது இதுதான். முதலில் ஒருவர் பொய்யர் ஆனார். வெளிச்சத்தின் பக்கம் தெரிந்ததும், அவரை இறக்கிவிட்டு மற்றவரை ஏற்றிவிட்டார்கள். எல்லாரும் பொட்டலில் நின்று கண்ணால் பார்த்தவர்கள்தான். பார்த்த பிறகும் ஏன் ஒரு பொய்யர் தேவைப்பட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. கருப்பருக்கு இரண்டு பேரும் உண்மை என்று தெரியும். பிறகு ஏன் அந்தக் காளை? காளை செத்திருக்காவிட்டால் அண்ணன் என்னிடம் வந்திருக்கமாட்டார், லைட்டின் குறை தெரிந்திருக்காது, இன்னும் எத்தனை வண்டிகள் கவிழ்ந்திருக்குமோ என்று ஒருநாள் நினைப்பேன். அதற்கு அந்த வாயில்லாச் சீவன் என்ன செய்தது என்று மறுநாள் நினைப்பேன். குடுமியான்மலைக்குப் போகும்போதெல்லாம் சன்னதியில் நின்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வராதது என் பக்குவக் குறைவாக இருக்கலாம்.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். வெள்ளைச்சாமி டிம் போட்டார். அடைக்கலத்தின் கண்ணில் வெளிச்சம் அடித்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தினால், விட்டுப்போன மனிதர் பொய்யர் ஆகிவிடுகிறார். காளை ஏன் செத்தது என்று கேட்டால், எழுதினவனுக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்களாக எதையும் சேர்த்துவிடாதீர்கள்.